ஏற்புரை

வெள்ளைப்பாறையில் முதலில் காணாமல் போனது பெட்டிக்கடை சொர்ணத்தின் துக்கம்தான். ஆறு வருஷமாக அவள் கடை உத்தரத்தில் ஒரு சைக்கிள் தொங்கிக்கொண்டிருந்தது. தினமும் காலையில் ஸ்டூல் போட்டு ஏறி அதைத் துடைத்த பிறகுதான் சொர்ணம் முதல் வெற்றிலையையே விற்பாள் என்பது ஊருக்கெல்லாம் தெரியும். அந்தச் சைக்கிளை ஒரு வைகாசி வெள்ளிக்கிழமை அவள் அண்ணாந்து பார்த்து, "இது யாரு சைக்கிளு? எடத்த அடைச்சிக்கிட்டு தொங்குது" என்றாள். கல்குவாரிக் கிடங்குப் பள்ளத்தில் தேங்கிய தண்ணீரில் குளிக்கப் போய்த் திரும்பி வராத உன் மகன் குமரேசனுடையது என்று சோடா குடிக்க வந்தவர்கள் சொன்னார்கள். சொர்ணம் சிரித்தாள். "எனக்கேது மகன், நானே ஒத்தக்கட்ட" என்றாள். சுவரில் மாலை போட்டு மாட்டியிருந்த படத்தில் ஸ்டுடியோக்காரரின் நீலத்திரை மட்டும் இருந்தது, முன்னால் நின்ற பையன் இல்லை. மத்தியானத்துக்குள் சைக்கிள் பழைய இரும்புக்காரரிடம் போய்விட்டது.

ஊர் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒருத்தருக்குக் காய்ச்சல் விட்டுப்போனால் ஏன் விட்டதென்று யாராவது விசாரிக்கிறார்களா என்ன? குழாயடியில் குடத்தை வரிசையில் வைத்துவிட்டுப் பெண்கள், "பாவம், எத்தன நாளைக்குத்தான் அழுவா, போனது போகட்டும்" என்று பேசிக்கொண்டார்கள். தண்ணீர் வந்ததும் அந்தப் பேச்சும் நின்றுபோனது. ஒரு விஷயத்தை மட்டும் யாரும் கவனிக்கவில்லை. குமரேசன் போனதிலிருந்து சொர்ணம் தினமும் சாயங்காலம் கடையைச் சாத்திவிட்டு ஒரு புளியம் விளாறோடு குவாரிப் பாதையில் போய் உட்கார்ந்துகொண்டு, குளிக்கப் போகிற பிள்ளைகளை அடித்து விரட்டுவாள். அன்றைக்கு அவள் கடையைச் சாத்தவில்லை.

அதற்கு முந்தின நாள், வியாழக்கிழமை, சுந்தரவடிவு ஒரு காரியம் செய்திருந்தாள். அதற்கும் இதற்கும் முடிச்சுப் போட அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

சுந்தரவடிவு பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். அரிசி உலையில் கொதிக்கிற நேரத்தில், வருகைப் பதிவுத் தாள்களின் பின்பக்கத்தில் எழுதி எழுதி, எட்டு வருஷத்தில் ஐந்து கதைகள் சேர்த்து ஒரு சின்னப் புத்தகம் போட்டிருந்தாள். முந்நூறு பிரதி அடித்ததில் முக்கால்வாசி அவள் கட்டிலுக்கடியில்தான் இருந்தது. மதுரையில் நடந்த ஒரு கூட்டத்தில், வெள்ளை வேட்டி கட்டிய ஒருவர் நீங்கள் யார் என்று கேட்டபோது, "சும்மா ஏதோ கிறுக்குவேன் சார்" என்று சொல்லிவிட்டுப் பின்வரிசைக்குப் போய் உட்கார்ந்துகொண்டவள் அவள். அதில் பொய் அடக்கம் ஒன்றும் கிடையாது. எழுத்தாளர் என்றால் இல்லாததை உண்டாக்குகிறவர், நாம் ஊரார் அழுததை ஒட்டுக்கேட்டு எழுதினவள் என்பதுதான் அவள் நெஞ்சுக்குள் இருந்த நியாயம்.

அந்த நியாயத்துக்குச் சோதனையாக அவள் அண்ணன் சங்கரபாண்டி தன் பேத்திக்குக் காதுகுத்து வைத்தார். எங்கள் பக்கத்தில் பத்திரிகை அடித்தால் சொந்தக்காரர் பெயர் அத்தனையும் வரவேண்டும், ஒவ்வொரு பெயரோடும் உத்தியோகமும் ஒட்டிக்கொண்டு வரவேண்டும். மின்வாரியம், ராணுவம் ஓய்வு, ஆவின் ஏஜெண்டு என்று போய்க்கொண்டிருந்த வரிசையில், தங்கை பெயருக்கு முன்னால் 'எழுத்தாளர்' என்று கொட்டை எழுத்தில் போட்டுவிட்டார் அண்ணன். அறுநூறு பத்திரிகை. அன்புக்குச் செய்ததுதான். ஆனால் அதைப் பார்த்ததும் வடிவுக்கு நடுத்தெருவில் சேலை அவிழ்ந்ததுபோல ஆகிவிட்டது.

"அண்ணே, இத மாத்துங்க. பாக்கிறவுக சிரிப்பாக."

"சிரிக்கிறவன் எவன்னு சொல்லு. புத்தகம் போட்டிருக்கேல்ல?"

"புத்தகம் போட்டா ஆச்சா? நான் எழுத்தாளர் இல்லண்ணே. சத்தியமா இல்ல."

மறுபடி அடிக்க முடியாது என்று அண்ணன் கோபித்துக்கொண்டு போனார். வடிவு வெள்ளைத் தாளை விரல் நீளத்துக்குக் கத்தரித்து, சோற்றுப் பசை தடவி, அறுநூறு பத்திரிகையிலும் அந்த ஒரு வார்த்தையின் மேல் ஒட்டினாள். கடைசிப் பத்திரிகையை ஒட்டி முடித்தபோது பொழுது சாய்ந்திருந்தது. மறுநாள் காலையில்தான் சொர்ணம் சைக்கிளை அண்ணாந்து பார்த்தாள். வடிவின் புத்தகத்தில் ஐந்தாவதாக, கடைசியாக இருந்த கதை, ஒரு பெட்டிக்கடைக்காரியையும் உத்தரத்தில் தொங்கும் ஒரு சைக்கிளையும் பற்றியது.

அடுத்த வாரம் சத்துணவு பார்வையிட வந்த அதிகாரி, முட்டையை எண்ணிக்கொண்டே, "நீங்க எழுத்தாளராமே" என்றார். "ஐயோ, அதெல்லாம் இல்ல சார்" என்றாள். அன்று சாயங்காலம் டெய்லர் அந்தோணிராஜ், கல்யாணமான நாற்பதாம் நாள் வீட்டைவிட்டுப் போன மனைவி பாதியில் விட்ட ஜாக்கெட்டை, பன்னிரண்டு வருஷமாக யாரையும் தொடவிடாமல் ஊசிக்கடியிலேயே வைத்திருந்த அதை, "யாரு குடுத்தது இது" என்று உருவி எடுத்துக் கை வைத்து முடித்து, அளவு பொருந்திய ஒருத்திக்குக் கொடுத்துவிட்டார். நாலாவது கதை அவருடையது.

சுந்தரவடிவு புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். எழுத்து அப்படியே இருந்தது, ஒரு கால்புள்ளிகூட அழியவில்லை. துக்கத்துக்குச் சொந்தக்காரர்கள்தான் வெறுங்கையாகிக்கொண்டு வந்தார்கள். அடுக்கின தட்டில் மேல்தட்டை எடுப்பதுபோல, அவள் மறுக்க மறுக்கக் கடைசிக் கதையிலிருந்து ஒவ்வொன்றாகப் போயிற்று. அடித்தட்டில் இருந்தது அவள் முதன்முதலில் எழுதிய கதை. அது அபிராமியைப் பற்றியது.

அபிராமி வடிவின் மகள். ஏழு வயது. பதினொரு வருஷத்துக்கு முன்னால், காய்ச்சல் கண்ட நாலாம் நாள், டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியில், பஸ்ஸிலேயே, அம்மா மடியில் போனவள். அன்றைக்கு அதே பஸ்ஸில் நின்றுகொண்டு வந்த அப்பா தளவாய் அதற்குப் பிறகு பஸ் ஏறியதில்லை. பஞ்சாயத்துத் தண்ணீர்த் தொட்டிக்கு மோட்டார் போடுகிற வேலை அவருக்கு. வாஷர் தேய்ந்து டவுனுக்குப் போக வேண்டியிருந்தால் விடியுமுன் நடக்க ஆரம்பித்துவிடுவார். அவர் நடந்து போவதை ஊர் பார்க்கும், ஏனென்று கேட்காது.

வடிவு பயந்துபோனாள். கண்ணாடி முன் நின்று, "நான் எழுத்தாளர்" என்று சொல்லிப் பார்த்தாள். நாக்கு சொன்னது, நெஞ்சு கூட வரவில்லை, சொல்லி முடிக்குமுன் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. எதுவும் திரும்பவில்லை. சொர்ணம் கடையில் ரேடியோப் பாட்டு முன்னைவிடச் சத்தமாகக் கேட்டது.

அவள் செய்த தப்பு, இதைத் தளவாயிடம் சொன்னது. தளவாய் செய்த தப்பு, தொட்டியடியில் சீட்டு விளையாடுகிறவர்களிடம் சொன்னது. ஊர் வாயை மூட உலைமூடி கிடையாதே. மூன்றாவது கதைக்காரரும் இரண்டாவது கதைக்காரியும் மறுநாளே வந்து நின்றார்கள். "எங்களதத்தான் ஏற்கெனவே எழுதிட்டியே தாயி, இல்லேன்னு ஒரு வார்த்த சொல்லிரு, புண்ணியமாப் போகும்" என்று கையெடுத்துக் கும்பிட்டார்கள். மகள் தற்கொலை செய்துகொண்ட ஒருத்தர். குழந்தைகள் தங்காத ஒருத்தி. அவர்களிடம் மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? எழுத்தாளர் இல்லை என்று இரண்டு தடவை சொன்னாள். இரண்டு பேரும் தெருமுனை திரும்பும்போதே கைவீசி நடந்தார்கள்.

பிறகு ஊர் வரிசையில் வந்தது.

சத்துணவு முடிந்து பிள்ளைகள் தட்டுக் கழுவிப் போன பிறகு, பள்ளிக்கூடத்துச் சமையலறை வாசலில், ஆளுக்கொரு நாற்பது பக்க நோட்டோடு உட்கார்ந்திருப்பார்கள். தம்பியோடு பேசாமல் இருந்தே அவனைச் சாகவிட்டவர் வருவார், மாமியாருக்குக் கஞ்சி ஊற்றாத மருமகள் வருவாள், ஒருவனைக் கைவிட்டவளும் ஒருத்தியால் கைவிடப்பட்டவனும் ஒரே நாளில் வந்து முன்பின்னாக உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் சொல்லச் சொல்ல வடிவு எழுதுவாள். எழுதி முடித்துப் படித்துக் காட்டுவாள், கேட்கிறவர் கடைசியாக ஒருமுறை அழுவார், அழுது முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நீங்க எழுத்தாளரா தாயி?" என்று கேட்பார். "இல்ல" என்பாள் வடிவு. கேள்வியும் பதிலும் கோயிலில் தேங்காய் உடைப்பதுபோல ஒரு முறையாகிவிட்டது. வந்தவர் கையில் இருக்கும் நோட்டைப் பார்த்து, "இது யாருது" என்பார், வைத்துவிட்டுப் போவார்.

வடிவு ஏன் சம்மதித்தாள்? இளகின மனசு ஒரு காரணம். சொல்லாத காரணம் ஒன்று இருந்தது. தன் வாயை அவளால் நம்ப முடியவில்லை. அடித்தட்டு ஒன்றுதான் மீதி என்றான பிறகு, எந்தக் கல்யாண வீட்டில் எவர் கேட்டு எப்போது வாய் தவறுமோ என்று பதறினாள். ஆகவே எப்போதும் ஒரு நோட்டை எழுதி முடித்து, மறுக்காமல், மகளின் மேல் ஒரு மூடிபோல வைத்துக்கொண்டாள். "உங்களத அடுத்த வாரம் சொல்லுதேன்" என்று ஒருவரைக் காக்க வைத்துவிட்டு, அடுத்தவருடையதை எழுதி மேலே வைத்த பிறகுதான் வாய் திறப்பாள். எழுதுகிற கை நாளுக்கு நாள் தேறிக்கொண்டே வந்தது. சில நோட்டுகளைப் படித்துக் காட்டும்போது அவளுக்கே உடம்பு சிலிர்க்கும். சிலிர்த்த அதே நிமிஷத்தில் இல்லை என்று சொல்லவேண்டும். அப்படிச் சொல்வது சுலபமாகிக்கொண்டே போனதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

ஆடி பிறக்குமுன் ஊர் கழுவிவிட்டதுபோல ஆனது. பஞ்சாயத்துக் கூடி, யாருக்கும் எதையும் யாரும் ஞாபகப்படுத்தக் கூடாது என்று வெற்றிலை மாற்றி முடிவு செய்தார்கள். எழவு வீட்டுப் பந்தல்காரருக்கு வேலை இல்லை. திவசம் கொடுப்பாரில்லாமல் குளத்தங்கரைக் காக்கைகள் வேறு ஊருக்குப் போய்விட்டன. சுவர்களிலெல்லாம் மாலை போட்ட நீலத்திரைகள் தொங்கின, அதை ஏன் மாட்டினோம் என்று தெரியாமலே பெண்கள் வெள்ளிக்கிழமை பொட்டு வைத்தார்கள். எல்லோரும் நன்றாகச் சாப்பிட்டார்கள், நன்றாகத் தூங்கினார்கள், ஒரே மாதிரிச் சிரித்தார்கள். சாயங்காலங்களில் குவாரிப் பாதையில் பிள்ளைகள் துண்டை வீசிக்கொண்டு குளிக்கப் போனார்கள். சொர்ணம் கடையிலிருந்தபடியே அவர்களுக்குக் கடலைமிட்டாய் கொடுத்து அனுப்பினாள்.

ஒருநாள் மத்தியானம் தளவாய் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார்.

"நம்ம புள்ளதும் அதுல இருக்குல்ல வடிவு?"

"இருக்கு."

"அடியிலயா?"

"அடியில."

அவர் ரொம்ப நேரம் பிசைந்தார். "எனக்கு ஒரே ஒருதரம் பஸ்ஸுல, ஜன்னலோரமா உக்காந்து போகணும்னு இருக்கு" என்றார். வடிவு குழம்புச் சட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். மனிதன் கேட்டது தப்பென்று அவளால் நினைக்க முடியவில்லை, கொடுக்கவும் முடியவில்லை.

அந்த வாரமே காத்திருந்தவர்களில் கடைசி ஆள் சண்டை பிடித்துத் தன்னுடையதற்கும் இல்லை என்று சொல்ல வைத்துவிட்டுப் போனார். மூடி போயிற்று. மேலே வைக்க ஊரில் துக்கமே மீதியில்லை.

சனிக்கிழமை குவாரிக் கிடங்கில் சுடலைமணி என்ற ஒன்பது வயதுப் பையன் மூழ்கிப்போனான்.

அவனை வெளியே எடுத்துப்போட்டு ஈரம் காயுமுன் அப்பா கருத்தப்பாண்டி ஒரு நாற்பது பக்க நோட்டோடு வடிவு வீட்டு வாசலில் வந்து நின்றான். கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. "இப்பவே எழுதிருங்க மதினி. எடுக்கிறதுக்குள்ள சொல்லிட்டீகன்னா, காரியம் செய்யிற வேலைகூட மிச்சம்" என்றான். அவன் சாதாரணமாகச் சொன்னான், ரேஷன் கடைக்குக் கூட்டம் சேருமுன் போவதைப்போல. வடிவு நோட்டை வாங்கக் கை நீட்டினாள் என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும், அபியின் மேல் போட ஒரு மூடி கிடைக்கிறதே என்று அந்தக் கை நீண்டது. அதற்குள் அவன் பின்னாலேயே ஓடிவந்த செண்பகம், பிள்ளையைப் பெற்றவள், ஈரக் கால்சட்டை ஒன்றை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு குறுக்கே விழுந்தாள்.

"எழுதாதீக மதினி! எம்புள்ளைய எழுதாதீக. இருக்கிறது இது ஒண்ணுதான், இதயும் புடுங்கிராதீக!"

வடிவு கையை மடக்கிக்கொண்டாள். "எழுதல தாயி" என்றாள்.

வெள்ளைப்பாறையில் சில மாதத்துக்குப் பிறகு ஓர் ஒப்பாரி கேட்டது. அது நிற்கவில்லை. பகலெல்லாம் கேட்டது. ஜன்னல்களைச் சாத்தினார்கள், ரேடியோவைக் கூட்டி வைத்தார்கள். "இது என்ன சத்தம்மா?" என்று சின்னப்பிள்ளைகள் கேட்டன. பெண்கள் பதில் சொல்லத் தெரியாமல் எரிச்சல்பட்டார்கள். குவாரி எடுத்து நடத்துகிற ஞானமுத்துவுக்கோ எரிச்சலைவிடப் பெரிய கவலை, அழுகிறவள் நாளைக்குக் கிடங்குக்கு வேலி எங்கே என்று கேட்பாள் அல்லவா? அவர் பஞ்சாயத்தோடு பேசினார். செண்பகத்தின் துக்கத்தையும் எழுதச் சொல்லி, வடிவிடம் கேட்டு வாங்க முடியாததை மாலை போட்டு வாங்கலாம் என்று முடிவாயிற்று. அடுத்த ஞாயிறு காலை பத்து மணிக்குக் கல்யாண மண்டபத்தில் சுந்தரவடிவுக்குப் பாராட்டு விழா. தெருவுக்குத் தெரு ப்ளெக்ஸ் வைத்தார்கள், எல்லாவற்றிலும் அவள் பெயருக்கு முன்னால் அந்த வார்த்தை ஆள் உயரத்துக்கு இருந்தது. இந்தத் தடவை ஒட்டி மறைக்கப் பசை போதாது.

அவள் போகாமல் இருந்திருக்கலாம். ஆனால் எல்லோர் முன்னாலும் மைக்கில் சொல்லிவிடவேண்டும் என்று நினைத்தாள். இனி எழுத மாட்டேன், கிடங்குக்கு வேலி போடுங்கள், ஒரு பெண் அழுதால் கூட உட்காருங்கள். மூன்றே வரி. வருகைத் தாளின் பின்பக்கத்தில் எழுதி நாலாக மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டாள். மறந்தும் அந்த மறுப்பைச் சொல்லக்கூடாது என்று தலைமேல் கைவைத்துத் தனக்குத்தானே சத்தியம் செய்துகொண்டாள்.

மண்டபத்தில் பஞ்சாயத்துத் தலைவர் அரைமணி நேரம் புகழ்ந்தார். ஞானமுத்து பொன்னாடை போர்த்தினார். எவர்சில்வர் குத்துவிளக்கு ஒன்று கொடுத்தார்கள். 'துயர் துடைத்த தூயவள்' என்று பட்டம் படித்தார்கள். ஊர் முழுக்க ஒரே மாதிரிச் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. மண்டப வாசலுக்கு வெளியே வெயிலில் செண்பகம் நின்றிருந்தாள், அவளை உள்ளே விடவில்லை. "இப்போது ஏற்புரை" என்றார்கள்.

வடிவு மைக் முன்னால் வந்தாள். மைக் ஒருமுறை கீச்சிட்டது. தாளை எடுத்துப் பிரித்தாள். இங்கேதான் நடந்தது அது. பொன்னாடை போர்த்திய ஒருவர் நம் ஊரில் எப்படிப் பேச ஆரம்பிப்பார்? பிறந்த குழந்தைக்குக்கூடத் தெரியும். அவளுக்கு முன்னால் அந்த மேடையில் போர்த்தப்பட்ட தலைமையாசிரியரும் நாதஸ்வரக்காரரும் சொன்ன அதே வரி, எத்தனையோ கூட்டத்தின் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டு ஊறிய வரி, தாளை முந்திக்கொண்டு அவள் வாயில் வந்தது.

"எல்லாருக்கும் வணக்கம். நீங்க சொல்ற அளவுக்கு நான் ஒண்ணும் எழுத்தாளர் இல்லங்க."

மண்டபம் கைதட்டியது. பேச்சு வெறும் மரியாதைக்குத்தான் வந்தது, ஆனால் நெஞ்சு ஆமாம் என்றுவிட்டது.

அவள் தாளைப் பார்த்து மூன்று வரியையும் தெளிவாகப் படித்தாள். வேலி போடுங்கள் என்றாள். அப்போதும் கைதட்டினார்கள். முன்வரிசையில் அபியைத் தூக்கி வளர்த்த இரண்டு பெண்கள் மட்டும் குனிந்து தங்கள் மடியைப் பார்த்துக்கொண்டார்கள். தளவாய் எழுந்து நின்று கைதட்டினார், அவர் தோள் பதினொரு வருஷத்துக்குப் பிறகு நிமிர்ந்திருந்தது.

வெளியே வந்தபோது செண்பகம் அவள் முகத்தையே பார்த்தாள்.

"உங்களுக்கும் போயிருச்சா மதினி?"

"எது?"

"அபி."

"யாரும்மா அபி?" என்றாள் வடிவு, அன்பாகத்தான். செண்பகம் கால்சட்டையைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டு, தீயைக் கண்டவள் போல விலகி ஓடினாள்.

மறுநாள் காலை வடிவுக்கு வீட்டைச் சுத்தம் செய்யவேண்டும் போலிருந்தது. பெட்டியில் ஒரு சின்னக் கொலுசும் பள்ளிக்கூட கவுனும் இருந்தன. "யாரோ மறந்து வச்சிட்டுப் போயிட்டாக" என்றாள். தளவாய் சவரம் செய்துகொண்டே பாட்டு முனகினார். மோட்டாருக்கு வாஷர் வாங்கப் பத்துமணி பஸ்ஸில் டவுனுக்குப் போவதாகச் சொல்லி, நல்ல சட்டை போட்டுக்கொண்டு, தெருக்கோடி பஸ் ஸ்டாப்புக்கு நடந்தார். அந்நேரம் பழைய பேப்பர்க்காரர் குரல் கொடுத்துக்கொண்டு வந்தார். கட்டிலுக்கடியில் இருந்த புத்தகக் கட்டுகளை, யார் வைத்ததென்று தெரியாமலே, வடிவு வாசலுக்கு இழுத்துவந்தாள்.

"எல்லாம் ஒரே புத்தகமால்ல இருக்கு. எடை போடவாக்கா?"

"போடுங்க" என்றவள், கட்டு அவிழ்ந்து விழுந்த ஒன்றை எடுத்து, சும்மா, நின்றபடியே, முதல் கதையைப் பிரித்தாள்.

ஒரு பஸ். மடியில் காய்ச்சலோடு ஒரு பெண்குழந்தை. இன்னும் எத்தனை ஸ்டாப்பும்மா என்று கேட்கிறது. இன்னும் ரெண்டு என்கிறாள் அம்மா. ஒன்பது ஸ்டாப் இருக்கிறது. ஒவ்வொரு ஸ்டாப்பிலும் குழந்தை கேட்கிறது, ஒவ்வொரு தடவையும் அம்மா ரெண்டு என்றே சொல்கிறாள். இறங்குகிறவர்கள் இறங்குகிறார்கள், ஒரு கிழவர் கொய்யாப்பழக் கூடையை இடுக்கிக்கொண்டு இடம் விடுகிறார். பிறகு ஒரு ஸ்டாப்பில் குழந்தை கேட்கவில்லை. அதற்கடுத்த ஸ்டாப்பிலும் கேட்கவில்லை. குழந்தைக்கு என்ன ஆயிற்று என்று கதை சொல்லவேயில்லை. அம்மா மட்டும், யாரும் கேட்காமலே, ரெண்டு ரெண்டு என்று சொல்லிக்கொண்டு, ஆஸ்பத்திரி ஸ்டாப்பைத் தாண்டி, டெப்போ வரைக்கும் போகிறாள்.

வடிவு வாசல்படியில் உட்கார்ந்துவிட்டாள். யாரோ பெற்ற பிள்ளைக்காக, முகம் தெரியாத ஒரு தாய்க்காக, அவளுக்கு அடக்கமாட்டாமல் அழுகை வந்தது. இதில் எங்கேயும் ஒட்டுக்கேட்டது இல்லை. ரெண்டு என்ற அந்தப் பொய்யை எங்கே வைக்கவேண்டும், சாவு என்ற சொல்லை எங்கே வைக்கக்கூடாது என்று ஒருத்தி உட்கார்ந்து, யோசித்து, நெஞ்சு வெந்து, தெரிந்தேதான் செய்திருக்கிறாள்.

"அக்கா, ஏன் அழுவுதீக? எடை போட்டாச்சு."

"இத எழுதுனவ..." என்றாள் வடிவு, மூக்கைச் சிந்திக்கொண்டு. "இத எழுதுனவ எழுத்தாளர்தான்யா. சந்தேகமே இல்ல." நெஞ்சும் நாக்கும் ஒரே சமயத்தில் சொன்னது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. யாரென்று பார்க்க அட்டையைத் திருப்பினாள். அவள் பெயர் இருந்தது.

தெருக்கோடியில் அப்போதுதான் கிளம்பிய பத்துமணி பஸ் நாலடி போய் நின்றது. ஜன்னலோரத்திலிருந்து ஒரு மனிதர் எழுந்து, ஆட்களை இடித்துக்கொண்டு இறங்கி, நடுரோட்டில் நின்று, "அபீ" என்று கத்தினார். வடிவு மடியைத் தடவிப் பார்த்தாள். பதினொரு வருஷத்துக் கனமும் அங்கே வந்து உட்கார்ந்திருந்தது. அவள் அந்தக் கனத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

முதல் அலறல் பெட்டிக்கடையிலிருந்து வந்தது. சொர்ணம் உத்தரத்தைப் பார்த்துவிட்டுச் சைக்கிளைத் தேடிக்கொண்டு தெருவில் ஓடினாள், ஓடியவள் திரும்பி, தலைவிரிகோலமாகக் குவாரிப் பாதைப் பக்கம் ஓடினாள். அடுத்து டெய்லர் கடை. பிறகு நடுத்தெரு, பிறகு மேலத்தெரு, வீடு வீடாக, ஜன்னல் ஜன்னலாக, மாதக்கணக்கில் அழாததையெல்லாம் சேர்த்து வைத்து வெள்ளைப்பாறை பட்டப்பகலில் அழத் தொடங்கியது. பேப்பர்க்காரர் தராசைப் போட்டுவிட்டு ஓடிவிட்டார்.

கொஞ்ச நேரத்தில் அழுகைக்கு நடுவே வேறொரு சத்தம் கேட்டது, கால்களின் சத்தம். தெருமுனையில் கூட்டம் திரும்பியது. கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு வந்தார்கள், முன்னால் கருத்தப்பாண்டி வந்தான், இப்போது அவன் கண்ணிலும் தண்ணீர் ஓடியது. நேற்று அவளுக்குக் கைதட்டிய அத்தனை பேரும் அதில் இருந்தார்கள். ஒட்டின தாளைக் கிழித்ததுபோல, அந்த ஊர் முதல்முறையாக அவளை அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது.

"எங்கடி அந்த எழுத்தாளர்?"

சுந்தரவடிவு கொண்டையை முடிந்துகொண்டாள். புத்தகத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு படியைவிட்டு இறங்கி, தெருவுக்கு வந்து நின்றாள்.

"நான்தான்" என்றாள்.